கோணல் பட்டன்

“இன்னைக்கும் பாருங்க, எப்படி வந்திருக்கான்னு.”

செங்கொடி டீச்சர் கீர்த்தியைத் தோளைப் பிடித்து அவள் அம்மாவின் பக்கம் திருப்பினாள்.

யூனிஃபார்ம் கோட்டில் ஐந்து பட்டன்கள். முதல் பட்டன் இரண்டாவது ஓட்டையில் ஏறியிருந்தது. அதற்குப் பிறகு எல்லாமே கோணல்; கடைசி ஓட்டையில் இரண்டு பட்டன்கள் திணிந்திருந்தன. கோட்டின் ஒரு முனை மேலேயும் இன்னொன்று கீழேயுமாகத் தொங்கியது.

தினமும் இதே கதைதான். பிரேயருக்கு முன்னால் செங்கொடிதான் எல்லாவற்றையும் அவிழ்த்துத் திரும்பப் போட்டுவிடுவாள். போட்டுவிடும்போதெல்லாம் இந்த அம்மாவின் மேல் கோபம் வரும். இன்றைக்கு ஆள் அனுப்பி வரவழைத்துவிட்டாள்.

புஷ்பவல்லி மீன் கூடையைப் பள்ளி வாசலிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே மகளைப் பார்த்தாள். லேசாகச் சிரிப்பு வந்தது அவளுக்கு.

செங்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சிரிக்கிறீங்களா? ரெண்டு மாசமா பார்க்கிறேன். காலையில காசிமேட்டுல மீன் ஏலத்துக்கு ஓடணும், அவசரம்தான். புரியுது. அதுக்காக, மூளை வளர்ச்சி கம்மியா இருக்கிற பிள்ளைக்கு அஞ்சு பட்டன் போட்டுவிட நேரமில்லையா? மத்ததும் இதே மாதிரி பிள்ளைங்கதான், பாருங்க.”

பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஏழு பிள்ளைகளின் கோட்டும் நேராக இருந்தது.

“நான் எங்க டீச்சர் போடறேன்?”

“அதைத்தான் கேட்கிறேன். ஏன் போடறதில்லை?”

“நீங்கதான போடாதன்னீங்க.”

“நானா?”

“ஸ்கூல் தொறந்தப்போ மீட்டிங் வெச்சீங்களே. மேல நாலு பட்டன நீங்க போடுங்க, கடைசி ஒண்ண மட்டும் புள்ள போடட்டும்னீங்க. அது வந்தப்பறம் கடைசி ரெண்டு, அப்பால மூணு. எவ்ளோ நேரம் ஆனாலும் சரி, தப்பா போட்டாலும் சரி, கைய மட்டும் வெச்சிடாதீங்கன்னு சொல்லல?”

சொல்லியிருந்தாள். எல்லா அம்மாக்களும் அன்றைக்குத் தலையாட்டினார்கள்.

“கடைசி பட்டனுக்கே ஒரு மாசம் ஆயிட்ச்சு டீச்சர். தீபாவளிலேர்ந்து அஞ்சையும் அதுவே போட்டுக்குது. முக்கா மணி நேரம் ஆவும். எதிர்ல குந்திகினு பாத்துகினே இருப்பேன். கை பரபரன்னு வரும், அடக்கிக்குவேன்.”

“அப்போ ஏலம்?”

“அதுக்கு எங்க போறது? பழைய ஐஸ் மீன எடுத்துத்தான் விக்கறேன். வாங்கறவங்க மூஞ்சிய சுளிக்கறாங்க. சுளிச்சிக்கினு போவட்டும். எம்பொண்ணு அஞ்சு பட்டன் போடுது.”

செங்கொடி பாயில் இருந்த பிள்ளைகளை இன்னொரு முறை பார்த்தாள். எல்லார் கோட்டும் நேராக இருந்தது.

“ஒண்ணு கேக்கலாமா டீச்சர்?” புஷ்பவல்லி குரலைத் தாழ்த்தினாள். “வூட்ல போட்டா கோணலா பூடுது. சாயங்காலம் உங்ககிட்டேர்ந்து வரச்சொல்லோ எல்லா பட்டனும் நேரா கீது. நான் சொல்லிக்குடுக்கறதுலதான் இன்னாவோ தப்பு. நீங்க எப்டி சொல்லிக்குடுத்தீங்க? எனக்கும் காட்டுங்களேன்.”

செங்கொடி வாயைத் திறப்பதற்குள் பிரேயர் மணி அடித்தது.

சத்தம் கேட்டதும் கீர்த்தி வழக்கம்போல டீச்சர் முன்னால் வந்து நின்றாள். இரண்டு கைகளையும் தொங்கவிட்டுக்கொண்டு, டீச்சர் போட்டுவிடுவதற்காகக் காத்திருந்தாள்.