முப்பத்தெட்டுப் புள்ளி

“முப்பத்தெட்டு! இன்னும் ரெண்டே ரெண்டு புள்ளி எடுத்திருந்தீரெண்டா பாஸ். எனக்கே மனசு கேக்கேல்ல பிள்ளை.”

றெனால்ட் சேர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். இந்த முகம் அவருக்கு நன்றாகப் பழகிப்போயிருந்தது.

எதிர்க் கதிரையில் அன்ரோனெற் இருந்தாள். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் பிறந்து வளர்ந்து, சண்டை முடிந்த பிறகு குடும்பத்தோடு பேசாலைக்குத் திரும்பியவள். உப்புக்குளத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் கட்டட வரைபடம் படிக்கிறாள். இந்தியாவில் படித்து வந்த பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று எங்கோ யாரோ முடிவு கட்டிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளிடம் ஒரு கணக்கைக் கொடுத்துப் பார்க்க மட்டும் மறந்துவிட்டார்கள். அதனால் அவளையும் இன்னும் முப்பது பேரையும் ‘கைதூக்கி விடுவோம்’ என்ற வெளிநாட்டு உதவித் திட்டத்தின் மேலதிக வகுப்பில் உட்கார்த்தினார்கள். அதற்கு இணைப்பாளர், ஆசிரியர், விடைத்தாள் திருத்துபவர் எல்லாமே றெனால்ட் சேர்தான்.

அந்த வகுப்புச் சோதனையில் நாற்பது எடுத்தால்தான் இரண்டாம் வருடத்துக்குப் போகலாம். நான்கு தரம் எழுதலாம், அதற்கு மேல் வீட்டுக்குத்தான் போகவேண்டும். அன்ரோனெற் எழுதியது நான்காம் தரம். இரண்டாம் வருடப் பதிவு இன்றைக்குப் பின்னேரம் மூன்று மணியோடு முடிகிறது.

வகுப்புத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. இதுவரை யாரும் பாஸ் பண்ணவில்லை. மோசமாகப் பெயிலாகவும் இல்லை. எல்லோரும் முப்பத்தைந்துக்கும் முப்பத்தொன்பதுக்கும் இடையில் பத்திரமாக நின்றார்கள். ‘மாணவர்கள் வெற்றியை நெருங்கிவிட்டார்கள், இன்னும் ஒரு வருடம் தேவை’ என்று சேர் அறிக்கை எழுதுவார். திட்டத்தின் கொழும்புக் கந்தோரிலிருந்து இன்னும் ஒரு வருடத்துக்குக் காசு கிடைக்கும். கூடவே அவரைப் பாராட்டி ஒரு கடிதமும் வரும்.

“போன மூணு தடவையும் முப்பத்தெட்டுத்தானே சேர்?” என்றாள் அன்ரோனெற்.

“மூணு இல்லைப் பிள்ளை, மூண்டு. அதுதான் சொல்லுறன், கீழ விழாமல் ஒரே இடத்தில நிக்கிறீர். அதுவும் ஒரு முன்னேற்றம்தான்.”

“என்ர பேப்பரை ஒருக்காப் பாக்கலாமே?”

“ஐயோ, அது ரகசியம். எல்லாத்தையும் கட்டி முத்திரை குத்தியாச்சு.” அலுமாரியைக் கண்ணால் காட்டினார்.

“அப்ப எங்க பிழை விட்டனான் எண்டு வாயாலயாவது சொல்லுங்கோவன் சேர்.”

சேருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பலவீனமான பிள்ளைகளின் பலவீனத்தைப் பற்றிப் பேசுவதென்றால் அவருக்குச் சாப்பாடே வேண்டாம். கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“உம்மட பேப்பரை நான் ரெண்டு தரம் வாசிச்சனான். முதலாம் கேள்வி நல்லாத்தான் தொடங்கியிருக்கிறீர். மூண்டாவது வரியில கூட்டவேண்டிய இடத்தில கழிச்சுப்போட்டீர். அவசரம்!”

“ரெண்டாவது?”

“முக்கோணம் வடிவாக் கீறியிருக்கிறீர். கோணம்தான் பிழை.”

“கடைசிக் கேள்வி சேர்?”

“அது நேரம் காணாமல் அரைவாசியில விட்டிட்டீர். அதுக்கும் நான் இரக்கப்பட்டு நாலு புள்ளி போட்டனான். பிறகு, அந்தக் கையெழுத்து! கோழி கிளறின மாதிரி. உங்களுக்கு அங்க இப்பிடித்தான் பழக்கினவையோ?”

அன்ரோனெற்றுக்கு ஆத்திரம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. முதல் மூன்று தரமும் இதே கதிரையில் இருந்து இதே மாதிரி ஏச்சு வாங்கி, பேசாலை பஸ்ஸில் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதிருக்கிறாள். இன்றைக்கு அழுகை வரவில்லை.

“அம்மா நம்பமாட்டா சேர். படிக்காமல் ஊர் சுத்தினனான் எண்டு பேசுவா. நீங்கள் சொன்னதை எல்லாம் ஒரு தாளில எழுதித் தாறீங்களே?”

“அதுக்கென்ன!”

‘தனிநபர் முன்னேற்றப் படிவம்’ என்று ஒரு கட்டு அச்சடித்து வைத்திருந்தார். இதுவரை ஒரு பிள்ளையும் அதைக் கேட்டதில்லை. பச்சைப் பேனையால் மூன்று பிழைகளையும் வரிசையாக எழுதினார். கையெழுத்தைப் பற்றி நான்கு வரி கூடுதலாக எழுதினார். பிறகு ஒப்பமிட்டு, திகதி போட்டு, இணைப்பாளர் முத்திரையை அழுத்திக் குத்தினார்.

“சோர்ந்து போகாதையும். அடுத்த வருசம் புதுசா விண்ணப்பம் போடும். எப்பிடியும் உம்மைக் கைதூக்கி விடாமல் நான் ஓயமாட்டன்.”

அன்ரோனெற் படிவத்தை ஒரு வரி விடாமல் வாசித்தாள். நான்காக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு, “நல்லது சேர், போயிட்டு வாறன்” என்று எழுந்தாள். வெளியே போனவள் படலைப் பக்கம் போகாமல் கல்லூரி அதிபரின் கந்தோர்ப் பக்கம் திரும்பினாள்.

“பிள்ளை, அங்கால எங்க போறீர்?”

“அதிபரிட்ட சேர். முத்திரையை உடைச்சு என்ர பேப்பரைப் பாக்கச் சொல்லப்போறன்.”

சேர் சிரித்தார். “பாத்து என்ன பிரயோசனம்? பிழையெல்லாம்தான் நான் விபரமா எழுதித் தந்திட்டனே!”

“ஓம் சேர், அதுதான் போறன். மூண்டு தரமும் எல்லாக் கணக்கும் செய்து தந்தனான், முப்பத்தெட்டு. இந்தத் தரம் என்ர சோதனைச் சுட்டெண்ணை மட்டும் எழுதிப்போட்டு, வெறும் வெள்ளைத் தாளைத்தான் தந்தனான்!”