மாமன் சீர்க் காசு

“ஏனுங்க, இதுல பதினொண்ணும் அசல் வெள்ளியா, முலாம் பூசுனதான்னு பாத்துச் சொல்லுங்க.”

ஆர்.எஸ்.புரத்து வெள்ளிக் கடையில் மாமியார் நாச்சியம்மாள் சுருக்குப் பையைக் கவிழ்த்ததும், லோகப்பிரியா கடை வாசலைப் பார்த்தாள்.

எல்லாம் ராஜா தலை போட்ட பழைய வெள்ளி ரூபாய். போன வாரம் மகள் காதுகுத்துக்கு லோகப்பிரியாவின் அண்ணன் அருள்குமார் தாய்மாமன் சீராகத் தட்டில் வைத்தது.

வைத்தது அசல் இல்லை. பல்லடத்தில் கோழிப் பண்ணை நொடித்துப்போனதை யாருக்கும் காட்டிக்கொள்ளாமல் போலிக் காசை வாங்கி வைத்துவிட்டான். மறுநாளே போனில் அழுதான்.

“வெளிய தெரிஞ்சா நான் உன்ற ஊட்டு வாசப்படி மிதிக்க முடியாது அம்மணி.”

லோகப்பிரியா மெல்ல இழுத்தாள். “அத்தைங்க, பாப்பா ஸ்கூல் உட்டு வந்துருவாளுங்க. இன்னொரு நாளைக்கு...”

“வந்த வேலை முடியட்டும்.” நாச்சியம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பக்கத்தில் நாத்தனார் நந்திதா சிரித்தாள். ‘தகரமாட்டம் சத்தம் வருது’ என்று சீர் மேடையிலேயே நாலு பேர் காதில் போட்டவள் அவள்தான்.

“என்னுங்க நங்கை, ஏசிக் கடையில இப்படி வேர்க்குது?” என்று அண்ணியைச் சீண்டினாள்.

கடைக்காரர் காந்தத்தை எடுத்தார். லோகப்பிரியா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

டக்கென்று ஒட்டும் சத்தம் வரவில்லை.

தராசில் ஒவ்வொன்றாக வைத்தார். உரைகல்லில் உரசி, அசலா என்று காட்டும் மருந்தை ஒரு சொட்டு விட்டார். அதன் நிறம் மாறுவதைக் குனிந்து பார்த்தார்.

“பதினொண்ணும் சுத்தமான காசுங்க. இப்பெல்லாம் இப்படிக் கிடைக்கறதே இல்லீங்க.”

“இன்னொருக்கா நல்லாப் பாருங்க!” என்றாள் நந்திதா.

“இந்தாங்க அம்மணி, நீங்களே புடிச்சுப் பாருங்க.”

காந்தத்தை வாங்கிப் பிடித்துப் பார்த்தாள். ஒன்றுகூட ஒட்டவில்லை.

“போதுமா? இனி என்ற சம்பந்தி ஊட்டப் பத்தி உன்ற வாயில ஒரு சொல்லு வரப்படாது,” என்றாள் நாச்சியம்மாள்.

முகம் சுண்டிப்போய் நந்திதா ஸ்கூட்டரை எடுக்கப் போய்விட்டாள்.

படியிறங்கும்போதும் லோகப்பிரியாவுக்குக் குழப்பம் தீரவில்லை. அண்ணன் வைத்த போலிக் காசை இதே கையால்தானே பீரோவில் வைத்தாள்? மனசு கேட்கவில்லை.

“அத்தைங்க... எங்கண்ணன் வந்து...”

“சும்மா வா கண்ணு. அவ வாய அடைக்கோணும்னுதான் கூட்டியாந்தேன்.” நாச்சியம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

“உங்கண்ணன் வெச்சத, ஃபிரிட்ஜுல ஒட்டியிருக்கற காந்த பொம்மைய வெச்சு அன்னிக்கே பாத்துப்போட்டேன். இது, என்ற காதுகுத்துக்கு என்ற மாமன் வெச்ச காசு.”