இரண்டு பாட்டுக்கு நடுவே

அவர் கடைசி வரியைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

'இரண்டு பாட்டுக்கு நடுவே துளி இரைச்சல் இல்லை. அந்த அமைதிக்காகவே இதை வாங்கலாம்.'

பெட்டி மேசைமேல் இருந்தது. உள்ளங்கை அகலம்தான். வீட்டு வைஃபையிலிருந்து பாட்டை எடுத்துப் பெரிய ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கும். விமர்சனம் எழுதச் சொல்லி ஒரு கம்பெனி அனுப்பியிருந்தது. ஒரு வாரமாகக் கேட்டாயிற்று.

ஒலிக்கருவிகளைப் பற்றி அவர் எழுதினால் அதற்குமேல் பேச்சில்லை. திருச்சியில் கடைக்காரர்களே வாடிக்கையாளரிடம் சொல்வார்கள், சார் காதுபட்டு வந்த சரக்கு என்று.

வத்சலா மோர் கொண்டுவந்தாள்.

அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவள் ஹாலுக்குள் வருவதில்லை. கல்யாணமான புதிதிலிருந்தே அப்படித்தான். பாட்டு நின்றிருந்ததால் வந்தாள்.

டம்ளரை வைத்தவள் நகரவில்லை.

"என்னங்க அது, கீச்சுன்னு?"

"எது?"

"இந்தப் பெட்டிலேர்ந்துதான். காதோரம் கொசு வந்தா மாதிரி."

"ஃபேனா இருக்கும்."

எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார். அவள் தலையை ஆட்டினாள். இல்லை.

குனிந்து பெட்டியில் காதை வைத்தார்.

ஒன்றுமில்லை. சுத்தமான அமைதி.

"உனக்கு அப்படித் தோணுது" என்றார்.

"சரி" என்று அவள் உள்ளே கிளம்பினாள்.

அவருக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"வத்சலா. கொஞ்சம் வந்து உட்காரு. அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். ஒருவர் காதைச் சோதிக்க அவர் செய்வது இதுதான். கண்ணுக்குத் தெரியாமல் கேட்க வைப்பது.

பெட்டியின் ஒயரை மெல்ல உருவினார்.

"இப்போ இல்ல" என்றாள்.

சொருகினார்.

"வந்துடுச்சு."

உருவினார். சொருகினார். மறுபடி உருவினார். பிறகு, சொருகுவதுபோலக் கையை மட்டும் கொண்டுபோனார்.

"இன்னும் வரலையே."

ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

ஒயரைப் பிடித்தபடி அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வெளியே யாரோ வண்டியை மிதித்துக் கிளப்பினார்கள். அது கேட்டது. பக்கத்து வீட்டுக் குக்கர் கேட்டது. எல்லாம் கேட்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு முன்னாடி வந்ததுல எப்படி இருந்துச்சு?"

"எது, அந்தக் கறுப்புப் பெட்டியா? அதுல இதைவிட ஜாஸ்தி."

கறுப்புப் பெட்டியைப் போன மாதம் அவர் வானளாவப் புகழ்ந்து எழுதியிருந்தார். நிறையப் பேர் வாங்கியதாகக் கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டு நன்றி சொன்னார்கள்.

"ஏன் நீ சொல்லவே இல்ல?"

அவள் திரும்பிப் பார்த்தாள். கேள்வியே விளங்காதவள்போல.

"உங்களுக்குத் தெரியாததா?"



மோரைக் குடித்தார். எழுந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கடைசி வரிகளை எழுத்து எழுத்தாக அழித்தார். பிறகு எழுதினார்.

'பாட்டு நிற்கும்போது மெல்லிய கீச்சொலி வருகிறது. எனக்குக் கேட்கவில்லை. என் மனைவிக்குக் கேட்டது.'

நடு வாக்கியத்தின்மேல் கர்சர் வந்து நின்றது.

அதை அழிக்கவில்லை. கடைசியில் இன்னொன்று சேர்த்தார்.

'போன மாதம் நான் எழுதியதையும் இப்படியே திருத்திப் படிக்கவும்.'

அனுப்பிவிட்டார்.

வத்சலா இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். போகலாமா வேண்டாமா என்று தெரியாமல், புடவைத் தலைப்பை மடியில் நீவிக்கொண்டு. அவர் பெட்டியின் ஒயரைத் திரும்பச் சொருகிவிட்டு, அவள் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கையை நீட்டிச் சுவரில் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தார்.

அவள் முகத்தையே பார்த்தார்.

"நின்னுடுச்சா?"