ராணியாக நின்ற யானை

மாவட்டச் சதுரங்கப் போட்டியில் வெட்டுப்பட்ட வெள்ளை யானை, பலகைக்கு வெளியே கடிகாரத்தோரம் கிடந்தது. உள்ளே வெள்ளை ராணி குறுக்கும் நெடுக்குமாகப் போய்வருவதைப் பார்க்கப் பார்க்க அதற்கு வயிறு எரிந்தது.

"எனக்கு நேர்வழி மட்டும்தான். அவளுக்கு எந்தப் பக்கமும் திறந்து கிடக்குது!" என்று பக்கத்தில் கிடந்த குதிரையிடம் பொருமியது.

அந்த நேரம் பார்த்து வெள்ளைச் சிப்பாய் ஒன்று கடைசிக் கட்டத்தைத் தொட்டது. சிப்பாய்க்குப் பதில் வைக்க இன்னொரு ராணி வேண்டும்; கைவசம் இல்லை. ஆடிக்கொண்டிருந்த சவரிமுத்து யானையை எடுத்து, ராணியாக இருக்கட்டும் என்று கவிழ்த்து வைத்தார்.

யானைக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த முறை அவர் அதை ராணிபோல் மூலைவாட்டில் குறுக்கே நகர்த்தியதும், "பாத்தியாடி?" என்று ராணியைப் பார்த்துக் கத்தியது.

நடுவர் வந்துவிட்டார். "கவுத்து வச்சாலும் விதிப்படி இது யானைதான் சார். தொட்டுட்டீங்க, இதையே நேரா நகர்த்துங்க."

சவரிமுத்து முனகிக்கொண்டே யானையைப் பழைய கட்டத்துக்கே கொண்டுவந்து, நிமிர்த்தி, நேராக நகர்த்தினார். கறுப்பு ராஜாவுக்குச் செக். தப்பிக்க ஒரு கட்டம்கூட இல்லை. ஆட்டம் முடிந்தது.

"ஜெயிச்சுக் குடுத்துட்டியே!" என்றாள் ராணி, மனசார.

"அது கிடக்கட்டும்," என்றது யானை. "குறுக்கே போனேனே, அப்போ பாக்க உன்ன மாதிரியே இருந்தேனா?"