தாடைக்கடியில் ஒருவன்

பாம்பின் கண்ணாடி வீட்டில் உண்ணி மருந்து அடித்திருந்தார்கள். ஈரம் காய்ந்து நெடி போகும்வரை பாம்பைப் பக்கத்து அறையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருந்தார்கள்.

"எப்ப வீட்டுக்குப் போவோம்?" என்று ஏங்கியது பாம்பு.

"நெடி போகட்டும் அண்ணே. அவசரப்பட்டா உங்களுக்கும் ஆபத்து" என்று அதன் தாடைச் செதிலுக்கடியிலிருந்து ஒரு குரல் வந்தது. தப்பிப் பிழைத்த ஒரே ஓர் உண்ணி.

"உன்னாலதானே இவ்வளவும்."

"என்னாலதான். தாடையைத் தண்ணியில முக்கி வச்சீங்கன்னா நானும் போய்டுவேன்."

டப்பாவில் தண்ணீர் இல்லை. வேறு வேலையும் இல்லை. பகல் முழுக்க இரண்டும் வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தன. விளக்கடியின் சூட்டையும், உரசிப் படுக்கும் மரக்கட்டையின் சொரசொரப்பையும் உண்ணியும் அறிந்திருந்தது.

நெடி போனபின் பாம்பை வீட்டில் விட்டார்கள். விளக்கு எரிந்தது. கிண்ணம் நிறையப் புதுத் தண்ணீர் இருந்தது. கட்டையைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். நாக்கை நீட்டி எங்கே துழாவினாலும் பாம்புக்குத் தன் பழைய வாசனை கிடைக்கவில்லை.

அது மெல்லக் கிண்ணத்துக்குள் இறங்கிச் சுருண்டது. தாடையை மட்டும் விளிம்பின்மேல் வைத்துக்கொண்டது.

"முக்கலையா அண்ணே?"

"தண்ணி குளிருது" என்றது பாம்பு. "அந்தக் கட்டையைப் பத்திச் சொல்லு."