மட்கார்டுக்கு விழுந்த அடி

கார் தரையோடு ஒட்டி ஓடினால்தான் கெத்து என்று சேவியர் தன் பழைய காரின் பின் ஸ்பிரிங்குகளை வெட்டி இறக்கினார். அதில் பின் அச்சு இடப்பக்கம் நகர்ந்துவிட்டது. இடது டயர் மட்கார்டில் உரசியது.

"என் தோலை ஏன்டா உரிக்கிற?" என்று டயர் கத்தியது.

"நீதானே என்மேல வந்து ஏறுற!" என்று மட்கார்டு சீறியது.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க! கார் இறங்கினதால, என்னைக் காரோட உடம்போட சேர்த்துப் பிடிச்சிருக்கிற கம்பிதான் என்னை இடப்பக்கம் தள்ளுது. அதைச் சரிபண்ணினா நான் நடுவுக்கு வந்துடுவேன்," என்றது அச்சு.

காரைப் பார்த்த மெக்கானிக்கும் சேவியரிடம் அதையேதான் சொன்னார்.

"அதுக்கெல்லாம் நேரமில்ல. மட்கார்டை அடிச்சு மடக்குங்க," என்றார் சேவியர்.

சுத்தியல் விழுந்தது. மட்கார்டு அலறியது.

"அதை ஏன்யா அடிக்கிறீங்க? ஸ்பிரிங்கை வெட்டினது யாரு?" என்று டயர் கத்தியது.

சுத்தியல் சத்தத்தில் மட்கார்டுக்கு மட்டும்தான் அது கேட்டது.