கசிவுக் குழி

ஆலையில் பிட்டராக வேலை பார்த்தவனின் மனைவி வாசலில் செருப்பை உதறிவிட்டு நேராக வந்து ஃபோர்மேனின் காலில் விழுந்தாள்.

அவள் வீட்டிலும் ஓர் உடல் கிடந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

இங்கே கூடத்தில் கிடந்தவன் ஃபோர்மேனின் மகன். அதே ஆலையில் இன்ஜினியர். ஆலை அனுப்பிய மலர்வளையம் மார்பை மறைத்திருந்தது.

புகைவாயுவிலிருந்து கரியமில வாயுவைப் பிரிக்கும் பிரிவில்தான் ஃபோர்மேன், மகன், பிட்டர் மூவருக்கும் வேலை. குளிர்ந்த கரைசல் வாயுவை உறிஞ்சிக்கொள்ளும், சூடுபட்டால் கக்கிவிடும். கரைசல் ஒழுகிப் பம்புக்கு அடியில் உள்ள குழியில் தேங்கினால், கக்கிய வாயு மேலே வராது. காற்றைவிடக் கனமானதால் அங்கேயே படுத்துக் கிடக்கும்; இறங்குபவனின் மூச்சை அடைத்துவிடும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது.

காற்றைச் சோதிக்காமல் குழியில் இறங்காதே என்று ஆலையில் எல்லோருக்கும் வாய் வலிக்கச் சொன்னவர் ஃபோர்மேன். மகனுக்கும்தான்.

பிட்டர் சோதிக்காமல் இறங்கி விழுந்தான், அவனைத் தூக்கப்போய் இன்ஜினியரும் விழுந்தார். தெருவெல்லாம் இதே பேச்சு. மேனேஜரும் அதையே சொல்லிவிட்டுப் போனார்.

"நம்ம வீட்டுப் பிள்ளை சும்மா இறங்குவானா? இன்னொருத்தன் உசிருக்காகத்தான் இறங்கியிருப்பான்." வந்தவர்களிடமெல்லாம் ஃபோர்மேனின் அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஃபோர்மேன் மறுத்துப் பேசவில்லை. முதுகு வளையாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அந்த மனுசன் ஒரு அவசரக்குடுக்கைங்க ஐயா. தலைதலையா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே. அவரால உங்க பிள்ளையும் போயிட்டாரு. என் பிள்ளைங்களைச் சபிச்சிடாதீங்க." காலைப் பிடித்தபடியே பிட்டரின் மனைவி அழுதாள்.

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஃபோர்மேன் வாயைத் திறந்தார். மகனின் தலைமாட்டில் இருந்த மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். அழுது வீங்கிய அந்த முகத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இனி அவளுக்கு அது ஒன்றுதான் மிச்சம்.

"எழுந்திரும்மா" என்றார்.

பிட்டரின் மனைவி அவருடைய இரண்டு கைகளையும் பற்றிக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். சுட்டதுபோல் கைகளை இழுத்துக்கொண்டார்.

விபத்து நடந்ததும், விழுந்தவர்களை மீட்க முகமூடி மாட்டிக்கொண்டு குழிக்குள் முதலில் போனவர் அவர்தான்.

அடியில் மகன் குப்புறக் கிடந்தான். அவன்மேல் பிட்டர். மகனை மேலே தூக்குவதற்காக அவன் அக்குள் வழியாகக் கைவிட்டு, நெஞ்சோடு சேர்த்து விரல்களைக் கோத்திருந்தான்.

கயிறு போடச் சொல்லிக் குரல் கொடுப்பதற்கு முன்னால், அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தவை இந்தக் கைகள்தான்.